துரைக்குப் பார்த்த வீடு

தினைக் கதிர்தான் தம்பி. கதிரோட குடுத்தாத்தான் துரைக்குப் பிடிக்கும். உதிர்த்துப் போட்டா காலால தள்ளி விட்டுடுவான். கொஞ்சம் அந்தப் பக்கமா உக்காருங்க, உரசினா மணி கொட்டிடும். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறினதுலேர்ந்து மடியிலயேதான் வெச்சிருக்கேன். நான் முசிறி வரைக்கும் போறேன். நீங்களும் முசிறிதானா? நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போகலாம்.

துரைன்னா மனுஷன் இல்ல, பறவை. காக்டெயில்னு சொல்வாங்க. கிளி இனம்தான், ஆனா பச்சை கிடையாது. சாம்பல் உடம்பு, மஞ்சக் கொண்டை, கன்னத்துல ரெண்டு பக்கமும் ஆரஞ்சுப் பொட்டு வெச்ச மாதிரி இருக்கும். அஞ்சு வருஷம் எங்கிட்ட வளந்தான். இப்ப முசிறியில ஒரு டீச்சர் வீட்டுல இருக்கான். நான்தான் குடுத்தேன். குடுத்தேன்னு ஒரு வார்த்தையில சொல்லிடலாம். ஆனா குடுக்க வெச்சது யாரு, குடுத்ததுக்கு அப்புறம் எனக்கு என்ன மரியாதை கெடச்சுதுன்னு கேட்டீங்கன்னா உங்களுக்கே மனசு ஆறாது.

நான் சானிட்டரி இன்ஸ்பெக்டரா இருந்து ரிடையர் ஆனவன். தாயுமானவன்னு பேரு, உறையூர்ல வீடு. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல ஒரு ஹோட்டலுக்கும் நான் வர்றேன்னு சொல்லிட்டுப் போனது கிடையாது. முன்வாசல் வழியாப் போனதும் கிடையாது. முன்னாடி எல்லாரும் ஊதுபத்தி ஏத்தித்தான் வெச்சிருப்பாங்க. நான் நேரா பின்பக்கம் போவேன். பாத்திரம் கழுவுற எடம், தண்ணித் தொட்டி, எலி வந்துபோற ஓட்டை. அங்க ரெண்டு நிமிஷம் நின்னா அந்த மொதலாளி எப்பேர்ப்பட்டவன்னு எனக்குத் தெரிஞ்சுடும். தாயுமானவன் கண்ணை ஏமாத்த முடியாதுன்னு ஆபீஸ்ல எல்லாருமே சொல்லுவாங்க.

ரிடையர் ஆன வருஷம்தான் என் பொண்ணு அரசிக்குக் கல்யாணம். மங்கையர்க்கரசின்னு பேரு, அரசின்னு கூப்பிடுவோம். ஒரே பொண்ணு. குளித்தலையில குடுத்தோம். நல்ல குடும்பம், சொந்த அரிசி மில்லு, எங்க பழைய ஆபீசர் கொண்டாந்த சம்பந்தம். அவ போனதும் வீடு வெறிச்சோடிக் கெடந்துச்சு. அப்பத்தான் கூட வேலை பாத்தவங்க பொழுது போகட்டும்னு ஒரு கூண்டோட துரையைக் கொண்டாந்து குடுத்தாங்க. கைக்குள்ள அடங்கற அளவுதான் இருந்தான். நான்தான் ஊட்டி வளத்தேன். பேப்பர் படிக்கும்போது தோள்ல வந்து உக்காந்துக்குவான். என் வண்டி தெரு முனை திரும்பினாப் போதும், மாடியிலேர்ந்து விசில் அடிப்பான். நான் வந்தேன்னு சந்தோஷப்பட்ட ஜீவன் அந்த வீட்டுல அது ஒண்ணுதான்.

போன புரட்டாசியில அரசி வந்து எறங்கினா. கூட அவ பொண்ணு பூவிழி, மூணு வயசு. ரெண்டு பெரிய பை. சனிக்கிழமை விரதத்துக்கு வந்திருக்கான்னு நெனச்சேன். ஒரு வாரம் ஆச்சு, ரெண்டு வாரம் ஆச்சு, கிளம்பற பேச்சே இல்ல. மாப்பிள்ளை எப்ப வர்றாருன்னு கேட்டா, ஒண்ணும் கேக்காதீங்கன்னு என் சம்சாரம் கோமதி கண்ணைக் காட்டினா. நான் கேக்கல. பொம்பளைங்க விஷயத்துல நான் தலையிடறதில்ல.

அப்புறம் கோமதியே சொன்னா. மாமியார் அன்னன்னிக்கு அரிசியை அளந்து வெளிய வெச்சுட்டு ஸ்டோர் ரூமைப் பூட்டிக்கிறாங்களாம். மாப்பிள்ளைக்குக் கோவம் வந்தா கை நீளுதாம். எந்த வீட்டுல இல்ல தம்பி இது? மில்லு வெச்சிருக்கறவங்க வீட்டுல அரிசியை அளக்கறாங்கன்னா சிக்கனமான குடும்பம்னு அர்த்தம். நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

இந்தச் சமயத்துல குழந்தைக்கு இழுப்பு வந்துடுச்சு. மூச்சு விட்டா நெஞ்சுக்குள்ள விசில் மாதிரி சத்தம். டாக்டர்கிட்டக் காட்டினோம். வீட்டுல என்ன வளக்கறீங்கன்னு கேட்டாரு. இந்தக் காக்டெயில் எறகுலேர்ந்து வெள்ளையா மாவு மாதிரி ஒரு தூள் உதிரும், அது குழந்தைக்கு ஆகலையாம். அந்த வீட்டுல பறவை இருக்கணும், இல்ல குழந்தை இருக்கணும், ரெண்டும் இருக்க முடியாதுன்னு சொல்லிட்டாரு.

என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. யாருக்காவது குடுத்துடுங்கன்னு கோமதி வாசப்படி ஏறும்போதே சொல்லிட்டா. அரசி மட்டும், வேண்டாம்ப்பா, நாங்க வேற எங்கயாவது போயிடறோம்னா. எங்க போவா? பேச்சுக்குச் சொல்றது. சரி, குடுக்கறேன், ஆனா கண்ட எடத்துல தள்ள மாட்டேன், நல்ல எடமா அமையற வரைக்கும் பொறுத்துக்கணும்னு சொல்லிட்டேன். துரையை மாடி ரூமுக்கு மாத்தினேன். தூள் மாடிப்படி வழியா எறங்கத்தான் செஞ்சுது. குழந்தை மூஞ்சில மாஸ்க்கை வெச்சு மருந்துப் புகை பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க, ஒன்றரை மாசம். என்ன பண்றது, எடம் அமையணுமில்லையா.

மொத எடம் தில்லைநகர்ல ஒரு காண்ட்ராக்டர் வீடு. பளபளன்னு இருந்துச்சு. பறவைக்குத் தனி ரூமே தர்றோம்னாங்க. நான் அசரல. நாலு நாள் கழிச்சுச் சொல்லாம கொள்ளாமப் போய், பின்பக்கமா நின்னு பாத்தேன். அந்த மனுஷன் சம்சாரத்தைச் சத்தம் போட்டுக்கிட்டு இருந்தான், காபி ஆறிப்போச்சுன்னு நெனைக்கறேன். சட்டுன்னு கையை ஓங்கினான். அடிக்கல. அந்தம்மா தலையை மட்டும் இப்படி ஒருபக்கமாச் சாச்சுக்கிட்டாங்க, ரொம்பப் பழகின மாதிரி. எனக்கு அது போதும். கூப்பிடக்கூட இல்ல, திரும்பி வந்துட்டேன்.

அன்னிக்கு மத்தியானம் சாப்பிடும்போது கோமதிகிட்டச் சொன்னேன். கை ஓங்கற வீட்டுல பறவை பொழைக்காது. பயம் புகுந்துடுச்சுன்னா இதுங்க தன் எறகைத் தானே பிடுங்கிப் போட்டுடும், நெஞ்செல்லாம் வெறுந்தோலா நிக்கும். அப்படி ஒரு எடத்துக்குத் தெரிஞ்சே அனுப்ப நான் என்ன கசாப்புக்காரனான்னு கேட்டேன். அரசி எதிர்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. தட்டுலேர்ந்து கையை எடுத்துட்டா.

"அடிச்சாராப்பா?"ன்னு கேட்டா.

அடிக்கலம்மா, ஓங்கினான், அது போதாதான்னேன். எழுந்து போய்க் கை கழுவிட்டா. பாதிச் சோறு அப்படியே கெடந்துச்சு. ரசத்துல உப்பு ஜாஸ்தியான்னு நான் கோமதியைக் கேட்டேன்.

ரெண்டாவது எடம் ஸ்ரீரங்கம், அடுக்குமாடி வீடு. சாந்தமான ஜனங்க, சத்தமே இல்ல. ஆனா அந்தம்மா என்னைக் கேட்ட கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பூன் தீனி, அதுல பாதி போட்டா ஒண்ணும் ஆகிடாதேன்னு. தீனி டப்பாவைப் பூட்டற அலமாரிலதான் வெப்பாங்களாம். வாயில்லாத ஜீவன் சாப்பிடறதை அளக்கறவங்க மனசு எப்படி இருக்கும்? வேண்டாம்னுட்டேன்.

அப்புறம்தான் முசிறி. ரெஜினா டீச்சர்னு, அங்க ஒரு ஸ்கூல்ல கணக்கு எடுக்கறாங்க. வீட்டுக்காரர் சவரிமுத்து, டிராயிங் மாஸ்டர். பிள்ளைங்க இல்ல. அவங்ககிட்ட ஏற்கெனவே ஒரு பொட்டைக் காக்டெயில் இருக்கு, அதுக்கு ஜோடி தேடிக்கிட்டு இருந்தாங்க. நான் மூணு தடவை போனேன் தம்பி, மூணு தடவையும் சொல்லாம. டீக்கடையில விசாரிச்சேன். பால் ஊத்தறவர்கிட்ட விசாரிச்சேன். பக்கத்து வீட்டு அம்மாகிட்ட, இவங்க புருஷன் பொண்டாட்டி சண்டை வெளிய கேக்குமான்னு கேட்டேன். சண்டை வந்தா அவர் மொட்டை மாடிக்குப் போய்ப் படம் வரைவாரு, டீச்சர் வெங்காயம் நறுக்குவாங்கன்னு சொல்லிச்சு அந்தம்மா. மூணாவது தடவை அவங்க சமையல் ரூம் ஜன்னல் ஓரமா ஒரு மத்தியானம் பூரா உக்காந்திருந்தேன். அவங்க முகம் சுளிக்கல. சோறு போட்டாங்க. நான் இதுவரைக்கும் பாத்ததுலயே சுத்தமான பின்பக்கம் அந்த வீட்டுதுதான். கழுவுற கல்லுல ஒரு பருக்கை கெடையாது.

இந்த வீடுதான்னு முடிவு பண்ணிட்டேன். இருந்தாலும் வாய்ப்பேச்சு வாய்ப்பேச்சுதானே. கண்டிஷன் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிடணும்னு உக்காந்தேன். அரசி எழுத்து முத்து முத்தா இருக்கும். அவளையே எழுதச் சொன்னேன். கூண்டு எங்க இருக்கணும், என்ன தீனி, யார் தொடலாம், எல்லாம் சொல்லிக்கிட்டே வந்தேன். அவங்க தெரு, கதவு நம்பர் எல்லாம் மேல எழுதினா. கடைசியா, ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலைன்னாக்கூட எனக்கு உடனே போன் பண்ணணும், நான் வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுவேன், ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்க மாட்டேன்னு போடச் சொன்னேன். எழுதி முடிச்சுட்டுப் பேனாவை மூடினா.

"குளித்தலைக்கு எத்தனை தடவைப்பா போனீங்க, என்னைக் குடுக்கறதுக்கு முன்னாடி?"

எனக்குப் புரியல மொதல்ல. நிச்சயத்துக்குப் போனோமேம்மா, நீயும் வந்தியேன்னேன். ஒரு தடவைதானேன்னா. ஆபீசர் சொன்ன எடம்மா, அவர் சொன்னா விசாரிக்கணுமா, அவர் என்ன நெனச்சுக்குவாருன்னேன். டீக்கடையில கேட்டீங்களா, பக்கத்து வீட்டுல கேட்டீங்களா, பின்பக்கம் போய்ப் பாத்தீங்களான்னு ஒண்ணொண்ணாக் கேட்டா, சத்தமே போடாம. எனக்குக் கோவம் வந்துடுச்சு. மனுஷங்களும் பறவையும் ஒண்ணா? துரைக்கு வாய் கிடையாது, கஷ்டம்னா சொல்லத் தெரியாது, அதனால நான்தான் பாக்கணும், உனக்கு வாய் இருக்கில்லன்னு கேட்டேன்.

"நான் சொன்னேனேப்பா. மொத வருஷமே மூணு தடவை போன் பண்ணிச் சொன்னேன்."

சொன்னா, இல்லங்கல. ஆனா எப்பச் சொன்னா? ஒரு தடவை துரைக்கு வயித்துப்போக்கு, நான் மருந்து குடுத்துக்கிட்டு இருக்கேன், அந்த நேரம் பாத்துக் கூப்பிட்டா. அப்புறம் பேசறேன்னு வெச்சேன், மறந்துட்டேன். மத்த ரெண்டு தடவையும் நல்லாத்தான் பேசினேன். பொறுத்துப் போம்மா, ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிடும்னு எடுத்துச் சொன்னேன். வேற எந்த அப்பா என்ன சொல்லியிருப்பான், நீங்களே சொல்லுங்க. ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்களே. சரி.

கார்த்திகையில துரையைக் கொண்டுபோய் விட்டேன். வர்ற வழியெல்லாம் கூண்டுத் துணிதான் மடியில. வீட்டுக்கு வந்தா மாடி ரூம்ல அவன் உதிர்த்த ஒரு மஞ்ச எறகு கெடக்குது, கோமதி அதையும் ஈரத்துணியால தொடைச்சு எடுத்துப் போட்டுட்டா. குழந்தைக்கு மூச்சு சரியாச்சு. ஓடி விளையாட ஆரம்பிச்சுது. அரசி எங்கிட்டப் பேசறதை நிறுத்திட்டா. சோறு போடுவா, தண்ணி வெப்பா, பேச்சு கிடையாது. தெருவுல வேற, என்ன சார், பொண்ணு இன்னும் போகலையா, விசேஷமான்னு ஆளாளுக்குக் கேக்கறாங்க.

யோசிச்சுப் பாத்தேன். ஒரு அப்பாவா என் கடமை என்ன? மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். வந்து கூட்டிக்கிட்டுப் போங்க மாப்பிள்ளை, கோவமெல்லாம் ஆறிடுச்சுன்னேன். மறுநாளே கார்ல வந்தாரு. பழம், ஸ்வீட் பாக்கெட், எனக்கு ஒரு வேட்டி. மாமா மாமான்னு எவ்வளவு மரியாதை தெரியுமா. அரசி பையை எடுத்துக்கிட்டு வந்து கார்ல உக்காந்தா. அழல, சண்டை போடல. குழந்தை மட்டும் கையை ஆட்டிச்சு. கோமதி வாசலுக்கே வரல, உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா.

இதுல எனக்கு என்ன ஆத்திரம்னா தம்பி, துரையைக் குடுத்துப் பத்தே நாள். பத்து நாள் முன்னாடி அவ கிளம்பியிருந்தா துரை எங்கிட்டயே இருந்திருப்பான். யாருக்காகக் குடுத்தேனோ அவங்களும் இல்ல, அவனும் இல்ல. திருப்பிக் கேக்கலாம்னு போனேன். அதுக்குள்ள அவனும் அந்தப் பொட்டையும் ஜோடி சேந்துடுச்சு, முட்டை வெச்சிருக்கு. பிரிக்க மனசு வருமா? பாத்துட்டு வந்துட்டேன். அப்புறம் மாசா மாசம் போக ஆரம்பிச்சேன்.

குளித்தலையா? ஆமா, ஆத்துக்கு அந்தப் பக்கம்தான். பாலம் தாண்டினா பஸ்ல பத்து நிமிஷம். போகல. சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாம கொள்ளாமப் போறது மரியாதை இல்ல. சொல்லிட்டுப் போறதுன்னா அவங்க கூப்பிடணும். கூப்பிடல.

மாசி மாசம் ஒருநாள் மாப்பிள்ளை போன் பண்றாரு. மாமாங்கற பேச்சே இல்ல இந்தத் தடவை. உங்க பொண்ணு குழந்தையைத் தூக்கிக்கிட்டுப் போய் ரெண்டு நாள் ஆச்சு, அங்கதான் ஒளிச்சு வெச்சிருக்கியான்னு ஒருமையில கேக்கறான். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கோமதியைக் கூப்பிட்டுச் சொன்னா, அவ அரிசி களைஞ்சுக்கிட்டே, தெரியும், நல்லாத்தான் இருக்காங்கறா. எங்கன்னு கேட்டா சொல்லல. முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவ, புருஷன்கிட்டச் சொல்லல.

எங்க போனா தெரியுமா? முசிறிக்கு. ரெஜினா டீச்சர் வீட்டுக்கு. அவதானே விலாசம் எழுதினா. ஒருநாள் மத்தியானம் மாமியார் அசந்த நேரமாப் பாத்துக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு, பாலத்து மேல நடந்தே வந்திருக்கா, பஸ்ஸுக்கு நின்னா யாராவது பாத்துடுவாங்கன்னு. நேரா அவங்க கதவைத் தட்டி, நான் தாயுமானவன் சார் பொண்ணு, எங்கப்பா விசாரிச்சதுலயே இது ஒண்ணுதான் நல்ல வீடு, அதான் வந்தேன்னு சொல்லியிருக்கா. மேக்கொண்டு அவங்க ஒண்ணும் கேக்கல. குழந்தைக்கு இழுப்புன்னு சொன்னதும் துரையையும் அவன் ஜோடியையும் தூக்கிக்கிட்டுப் போய்ப் பின்னாடி ஷெட்டுல வெச்சுட்டாங்க. நான் எழுதிக் குடுத்ததுல கூண்டு ஹால்லதான் இருக்கணும்னு தெளிவாப் போட்டிருந்துச்சு.

எனக்கு இதெல்லாம் ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரியும். துரையைப் பாக்கப் போனவன் ஷெட்டுல கூண்டைப் பாத்துட்டு ஏன்னு கேட்டப்ப டீச்சரே சொன்னாங்க. துரை தும்மினா எனக்குப் போன் பண்ணினவங்கதானே நீங்க, என் பொண்ணு வந்து நின்னிருக்கா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதான்னு கேட்டேன்.

"சொல்ல வேண்டாம்னு அவங்க கேட்டுக்கிட்டாங்க சார். சொன்னா நீங்க மறுபடியும் அங்கயே போன் பண்ணிடுவீங்கன்னாங்க."

நாலு எழுத்துப் படிச்ச டீச்சர் பெத்தவன் மூஞ்சிக்கு நேரா சொல்ற பேச்சா இது? இப்ப அவங்க ஸ்கூல் ஆபீஸ்லயே அரசிக்கு வேலை போட்டுக் குடுத்திருக்காங்க. அடுத்த தெருவுல ஒரு ரூம். கோமதி வாராவாரம் போய் ரெண்டு நாள் தங்கிட்டு வர்றா. வர்றியான்னு என்னைக் கேக்கறதில்ல.

போன மாசம் நானே போனேன், அந்த ரூமுக்கு. தெருவுல வெச்சுக் கொஞ்சம் உரக்கப் பேசினேன். சத்தம் போடல தம்பி, என் குரலே அப்படித்தான், ஹோட்டல்காரங்ககிட்டப் பேசிப் பேசி வந்தது. என்னை மதிக்காம நடுத்தெருவுல என் மானத்தை வாங்கிட்டியேன்னு கேட்டேன், அவ்வளவுதான். கையை இப்படி நீட்டித்தான் பேசினேன். குழந்தை வந்து அவ புடவைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிச்சு. அரசி தலையை ஒருபக்கமாச் சாச்சுக்கிட்டா. நான் அடிப்பேனா? பொறந்ததுலேர்ந்து ஒரு அடி அடிச்சதில்ல அவளை. அந்தத் தெருவே பாக்குது, என்னமோ நான் அடிக்கறவன் மாதிரி.

அப்புறம் டீச்சர் போன் பண்ணி, இனிமே சொல்லிட்டு வாங்க சார், சொல்லாம வராதீங்கன்னாங்க. எங்கிட்ட. சரின்னு தினம் போன் பண்ணிக் கேட்டேன், இன்னிக்கு வரட்டுமா, நாளைக்கு வரட்டுமான்னு. நாலஞ்சு நாள் எடுத்தாங்க, பிறகு எடுக்கறதில்ல. இருபது நாள் ஆச்சு. அதான் இன்னிக்குக் கிளம்பிட்டேன். கதவைத் திறக்கலைன்னா கதிரை மாத்திரம் வாசல்ல கட்டிட்டு வந்துடுவேன்.

குணசீலம் தாண்டிடுச்சு இல்ல? இன்னும் அரைமணிதான்.

தம்பி, ஒரு ஒத்தாசை. உங்க போன்லேர்ந்து ஒரு கால் போட முடியுமா? என் நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டேங்கறாங்க. இருங்க, நம்பர் சொல்றேன். எடுத்தா நீங்களே பேசுங்க. துரை எப்படி இருக்கான், நல்லாச் சாப்பிடறானான்னு கேளுங்க.

அப்படியே அந்தக் குழந்தைக்கு இப்ப மூச்சு எப்படி இருக்குன்னும் கேளுங்க. யார் கேக்கறதுன்னு கேட்டா, என் பேரைச் சொல்லிடாதீங்க.